அந்தக் கட்டுரையை மீளப் பெற்றுவிட்டேன், மச்சி

என்னோடு ஒரே கதிரையில் பாதியைப் பங்குபோட்டு இருந்த ஜெஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்கள் மையவாடிக்குப் போய் உன்னை அடக்கிய இடத்தில் நின்று சலாம் சொல்லிவிட்டு வருகிறார்கள். எங்கள் ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. எனக்கு எழுதத்தான் முடியும். பலரும் வாசிக்கும் இடத்தில் எழுத வேண்டும் என்றும் தீர்மானித்திருக்கிறேன். நான் செய்ததைப் பலரிடமிருந்தும்தானே மறைத்தேன்?

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் படங்களைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் கணினி நிரலைப் பற்றி நாம் இருவரும் எழுதினோமே, அந்தக் கட்டுரையை ஆய்விதழ் மீளப் பெற்றுக்கொண்டது. கடிதம் நேற்று வந்தது. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு நீ என்னிடம் கேட்டாய், "எழுதிட்டியா மச்சி?" என்று. "ஓம், எழுதிட்டன்" என்று சொன்னேன். அது பொய். அன்றைக்கு நான் ஆய்விதழுக்கு ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

நீ மவுத்தாகிப் பதினொரு மாதம். உன் நாற்பதாம் நாளுக்கும் பிறகுதான் அதை எழுதினேன்.

வாசிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. ஆகவே நீ அறிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

உன் உம்மா என் வாப்பாவின் தங்கச்சி, எனக்கு மாமி. மருதமுனையில் அடுத்தடுத்த வளவில் பிறந்தோம், ஒரே வகுப்பில் படித்தோம், ஒரே வருசம் பல்கலைக்கழகம் போனோம். கணினி விஞ்ஞானத்தில் நம் பிரிவில் பெண்கள் மிகக் குறைவு. ஆய்வுகூடத்தில் நல்ல கணினிகளையெல்லாம் ஆண்கள் முதலே பிடித்துக்கொள்வார்கள். விசைப்பலகையில் பாதி எழுத்து அழிந்துபோன ஒன்று மூலையில் கிடக்கும். ஒரு கதிரையில் இருவரும் நெருக்கிக்கொண்டு இருந்து அதிலேதான் நிரல் எழுதிப் பழகினோம். நான் வேகமாக எழுதுவேன். நீ பார்த்துக்கொண்டிருந்து பிழை பிடிப்பாய். "மச்சி, இது நிக்காது. ஓடிக்கிட்டே கிடக்கும்" என்பாய். ஓட்டிப் பார்த்தால் அப்படித்தான் ஓடிக்கொண்டே கிடக்கும்.

இறுதிப் பரீட்சையில் உனக்குத்தான் கூடப் புள்ளி. இருவரையும் தற்காலிக விரிவுரையாளர்களாக எடுத்தார்கள். அடுத்த வருசம் இருவருக்கும் ஜப்பானில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்த மாதம்தான் மாமிக்கு இரண்டாவது கண்ணும் போனது. சீனி வருத்தம் உள்ளே விழித்திரையைத் தின்றுகொண்டிருந்தது முதல் கண் போகும்வரை எவருக்கும் தெரியவில்லை. வெளியே பார்த்தால் நல்ல கண்தான். உன் வாப்பா முன்னரே போய்விட்டார். தங்கச்சி நிலோபர் சின்னப்பிள்ளை. நீ கடவுச்சீட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினாய்.

"நீ போ. ஒரு ஆள் போனாப் போதும்" என்றாய்.

நான் போனேன். கலாநிதியாகத் திரும்பி வந்து நிரந்தர விரிவுரையாளரானேன். பிறகு சிரேஷ்ட விரிவுரையாளர். உயர்பட்டம் இல்லாததால் உனக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. அதே துறையில் போதனாசிரியராக இருந்தாய். நான் விரிவுரை நடத்தும் பாடத்துக்கு நீ செய்முறை வகுப்பு எடுத்தாய். என் வகுப்பில் விளங்காததைப் பிள்ளைகள் உன்னிடம் வந்து விளங்கிக்கொண்டு போவார்கள். அது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

கண் படத்தின் எண்ணம் உன்னுடையது. "உம்மாட கண்ணு போறத்துக்கு ரெண்டு வருசம் முதல் ஆராவது உள்ளுக்குப் பாத்திருந்தா இப்பிடி ஆகியிராதே" என்றாய். கண் வைத்தியரிடம் போவதென்றால் நம் பக்கத்துக் கிராமத்துச் சனத்துக்கு ஒரு நாள் கூலி போகும். வலி இல்லாத நோய்க்கு யார் ஒரு நாளை இழப்பார்? ஆகவே கமெராவோடு நாமே ஊர் ஊராகப் போவது. விழித்திரையைப் படம் எடுப்பது. படத்தைப் பார்த்து 'உடனே வைத்தியரிடம் போ' என்றோ 'இப்போதைக்கு நல்லம்' என்றோ சொல்ல ஒரு நிரலுக்குப் பழக்குவது.

நான் படித்த ஜப்பானிய ஆய்வுகூடம் தங்களுடைய பழைய கமெராவைத் தந்தது. இரண்டு வருசம் அலைந்தோம். சாய்ந்தமருதுப் பள்ளிவாசல் மண்டபம், கோமாரியில் ஒரு பாடசாலை, சாகாமத்தில் வயல் செய்யும் கமக்காரர் கூடும் கட்டிடம். சனத்தோடு கதைக்க எனக்கு வராது. உனக்கு அது பிறவியிலேயே வந்தது. சாய்ந்தமருதில் ஒரு மீன்பிடிகாரக் காக்கா, நமக்கு அண்ணன் வயசு, கமெராவுக்கு முன்னால் இருக்கவே மாட்டேன் என்று நின்றார்.

"என்ட கண்ணுக்கு என்ன? கரையில நிண்டு கடல்ல வாற தோணி ஆர்ட எண்டு சொல்லுவன்."

"அது வெளிய பாக்கிறது காக்கா. நாங்க உள்ள பாக்க வந்திரிக்கம். உள்ள என்ன கிடக்கு எண்டு ஒங்களுக்கே தெரியாதே" என்றாய்.

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டு வந்து நாடியைத் தாங்கியில் வைத்தார். அவருடைய படத்தைப் பார்த்த கண் வைத்தியர் அந்த வாரமே சிகிச்சைக்கு எடுத்தார். இன்றைக்கும் அவர் கரையில்தான் நிற்கிறார்.

நிரலை நான் எழுதினேன். வைத்தியர் குறிப்பு எழுதித் தந்த படங்களில் பெரும் பகுதியைப் பயிற்சிக்குக் கொடுத்து, மிச்சத்தைச் சோதனைக்கு ஒதுக்கினேன். சோதனையில் நிரல் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. எனக்கே நம்ப முடியவில்லை. நம்ப முடியாதபோது ஏன் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற முதல் பாடம். நான் பார்க்கவில்லை. கட்டுரை எழுதினோம். நல்ல ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. ஒரு தொண்டு நிறுவனம் அந்த நிரலை எடுத்துக் கிராமங்களில் பாவிக்கத் தொடங்கியது. நான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தேன்.

நீ என் அறைக்கு வந்த அந்தப் பின்னேரம் ஞாபகம் இருக்கிறதா? அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றாய்.

"மச்சி, படங்களப் பிரிச்சது எப்பிடி?"

"வழமையாப் பிரிக்கிற மாதிரித்தான். குலுக்கிப் பிரிச்ச."

"படத்தக் குலுக்கின. ஆளக் குலுக்கல்ல. ஒரு ஆள்ட இடக்கண்ணு பயிற்சிப் பக்கம் கிடக்கு. அதே ஆள்ட வலக்கண்ணு சோதனைப் பக்கம் கிடக்கு."

எனக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. ஒருவருடைய இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒன்றைக் காட்டிப் படிப்பித்துவிட்டு மற்றதைக் காட்டிக் கேள்வி கேட்டால் நிரல் சரியாகத்தான் சொல்லும். நோயைப் படித்ததால் அல்ல, ஆளைப் படித்ததால். பரீட்சைத் தாளை முதல் நாளே பிள்ளையின் கையில் கொடுத்த மாதிரி. புதிய ஊரில் புதிய ஆள் வந்து கமெராவுக்கு முன் இருந்தால் அது தடுமாறும்.

"நான் ஆள்வாரியாப் பிரிச்சுத் திருப்பி ஓட்டினன்" என்றாய். "சரியாச் சொல்ற அளவு விழுந்துட்டு மச்சி. ஆரம்ப நோயத்தான் கூடத் தவற விடுது. 'நல்லம்' எண்டு சொல்லி அனுப்புது."

கணினித் துறையில் இந்தப் பிழை புதிதல்ல. பெரிய இடங்களிலும் செய்திருக்கிறார்கள். அதைச் சொல்லி, திருத்தி, வெட்கப்பட்டு, தொடர்ந்து போயிருக்கலாம். ஒரு கடிதம் போதும். நான் என்ன சொன்னேன்?

"அடுத்த மாசம் நேர்முகப் பரீட்சை. அது முடியட்டும். புறகு எழுதுவம்."

"அதுக்குள்ள அவங்க ஊர் ஊராக் கொண்டு போறாங்களே."

"சந்தேகம் வந்தா வைத்தியரிட்ட அனுப்பத்தானே செய்யிது?"

"வந்தா அனுப்பும். வராட்டி?"

மடக்கப்பட்ட மனிதர் எதைக் கையில் எடுப்பார்களோ அதை எடுத்தேன். "நீ கலாநிதிப் படிப்புச் செய்யல்லதானே. இந்த ஆராய்ச்சி உலகம் எப்பிடி நடக்கிற எண்டு ஒனக்கு விளங்காது."

உன் முகத்தில் கோபம் வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தலையிலிருந்து நழுவிய சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்து போனாய். அதற்குப் பிறகு நீ என்னை மச்சி என்று கூப்பிடவில்லை. துறையில் மற்றவர்கள் கூப்பிடுகிற மாதிரி 'மெடம்' என்றாய்.

நீ தொண்டு நிறுவனத்துக்குப் போய் நிரலை நிறுத்தச் சொன்னது இரண்டு நாள் கழித்து எனக்குத் தெரிய வந்தது. அதன் அலுவலர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மெடம், ஒங்கட துறையில இருந்து ஒரு மிஸ் வந்து இத நிப்பாட்டுங்க எண்டு சொல்லுறா. என்ன செய்யிற? நீங்கதானே இதுக்குப் பொறுப்பு."

"அது சின்ன விசயம்" என்றேன். "நாங்க திருத்திக்கிட்டு இரிக்கம். நீங்க நடத்துங்க."

இந்த மூன்று வசனத்தையும் இந்தக் கடிதத்தில் அப்படியே எழுத வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். இப்போது என்னை விசாரிக்கும் பல்கலைக்கழகக் குழுவுக்கும் இதே சொற்களைத்தான் கொடுத்தேன்.

நேர்முகப் பரீட்சை நடந்தது. பதவி கிடைத்தது. ஊர்ச் சந்தியில் என் படத்தோடு பெரிய பதாகை கட்டினார்கள், மண்ணின் மகளுக்கு வாழ்த்து என்று. நீ ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழே நின்றுதான் பஸ் ஏறினாய். புறகு எழுதுவோம் என்றேன் அல்லவா? அந்தப் புறகு வரவே இல்லை. முதலில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை என்றேன். பிறகு பீடத்துக்கு வெளிநாட்டு உதவி வர இருக்கிறது, இந்த நேரத்தில் வேண்டாம் என்றேன். கடைசியில் இவ்வளவு நாள் சொல்லாததை இப்போது சொன்னால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். எல்லாவற்றையும் எனக்கு நானேதான் சொல்லிக்கொண்டேன். நீ திரும்பக் கேட்கவில்லை.

நீ வேறு வேலை செய்தாய். தொண்டு நிறுவனத்தில் படம் எடுக்கும் பிள்ளைகளிடம் நல்லபடியாகக் கதைத்து, நிரல் 'நல்லம்' என்று சொல்லி அனுப்பிய ஆட்களின் படங்களை வாங்கினாய். நிரலின் இன்னொரு பிரதியை, துளிச் சந்தேகம் வந்தாலும் 'போ' என்று சொல்லும்படி திருத்தினாய். அதில் அந்தப் படங்களை ஓட்டி, யாரையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதினாய். சனிக்கிழமைகளில் அந்த வீடுகளைத் தேடிப் போனாய். பஸ் நிலையத்தில் குடையோடும் சாப்பாட்டுப் பெட்டியோடும் நீ நிற்பதை இரண்டு தரம் காருக்குள்ளிருந்து கண்டேன். எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும். காரை நிறுத்தவில்லை.

நீ ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை? ஆய்விதழுக்கு நீயே எழுதியிருக்கலாம். உபவேந்தரிடம் போயிருக்கலாம். உன் பெயரும் கட்டுரையில் இருந்ததாலா? இல்லை, நானே எழுதுவேன் என்று கடைசி வரை நம்பியிருந்தாயா? இரண்டாவதுதான் என்றால் என்னால் தாங்க முடியாது.

போன மாரியில் வாய்க்கால்கள் உடைத்துக்கொண்டு வெள்ளாமைக்கு மேலால் தண்ணீர் ஓடியது. சாகாமப் பக்கம் ஒரு கமக்காரரின் பெண்சாதியைப் பார்க்க நீ போயிருக்கிறாய். பாதை தண்ணீருக்குள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்ததாக அந்தப் பெண்ணே பிறகு எனக்குச் சொன்னா. "இந்த வெள்ளத்துக்க எனத்துக்கு வந்தீங்க டீச்சர் எண்டு கேட்டன். கண்ணு வெள்ளம் வடியும்வரைக்கும் பாத்துக்கிட்டு இரிக்காது எண்டு சொன்னா." அந்தப் பெண்ணுக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. பார்வை இருக்கிறது.

அடுத்த கிழமை உனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் பனடோல் குடித்துக்கொண்டு செய்முறை வகுப்புக்கு வந்திருக்கிறாய். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் போவது நின்றுபோனது. எலிக்காய்ச்சல் என்றார்கள். அது வயல் தண்ணீரில் வரும், சாக்கடைக் கானில் வரும், வீட்டு முற்றத்திலும் வரும், எங்கே பிடித்தது என்று சொல்ல ஏலாது என்றார் வைத்தியர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை நாள் தப்பப் பார்த்தேன் தெரியுமா?

ஆசுபத்திரிக்கு வந்தபோது ஒரு ஆள்தான் உள்ளே போகலாம் என்றார்கள். நிலோபர் விலகி எனக்கு இடம் விட்டாள். உன் உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் 'மச்சி' என்றாய். எவ்வளவு மாதத்துக்குப் பிறகு! அதற்குப் பிறகுதான் கேட்டாய், எழுதிட்டியா என்று. நான் 'ஓம்' என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கண்ணை மூடினாய். அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு நிலோபர் தொலைபேசியில் அழுதாள்.

உன்னைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. தண்ணீர் ஊற்றும்போது உன் வலது குதிக்காலைப் பார்த்தேன். ஆழமாக ஒரு வெடிப்பு. அதற்குள் இன்னும் கறுப்பாக மண் இருந்தது. என் விரலால்தான் அதைக் கழுவினேன். அந்த வழியாகத்தானா? வைத்தியர் சொல்ல ஏலாது என்றார். நானும் சொல்ல ஏலாது. ஆனால் நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் நீ அந்தத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கத் தேவையில்லை. இது மட்டும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகாவது எழுதினேனா? இல்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சனம் போன பிறகு நிலோபர் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். "ராத்தாட மேசையில கிடந்த. ஒங்கட ஆராய்ச்சி போல இரிக்கி" என்றாள். உன் குண்டு குண்டான எழுத்து. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'பார்த்தாச்சு', 'கிளினிக் போனா', 'வீடு மாறிட்டாங்க'. ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு சொல்: 'பிந்திட்டன். இடக்கண்.' கோமாரி, தெய்வானை அக்கா.

அடுத்த சனிக்கிழமை கோமாரிக்குப் போனேன். தென்னந்தோட்டத்துக்குள் அவவின் வீடு. முற்றத்தில் இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தா. தலையை இடப்பக்கம் திருப்பி, பின்னும் கையை வலக்கண்ணால்தான் பார்த்தா. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன் என்றேன்.

"அந்த டீச்சர் வரல்லயா? மெலிஞ்ச பிள்ளை?"

நீ மவுத்தான செய்தியைச் சொன்னேன். கிடுகைக் கீழே வைத்துவிட்டா. நான்தான் கண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"மெசின் நல்லம் எண்டு சொன்னது பிள்ளை. கடுதாசியும் தந்தாங்க. புறகு கொஞ்சம் கொஞ்சமா இருட்டிக்கொண்டு வந்தது. மகள் ஆசுபத்திரிக்குப் போவம் எண்டாள். நான்தான் வேணாமெண்டன். மெசின் பாத்திட்டுத்தானே, இது வயசுக்கு வாறது எண்டு இருந்திட்டன். அந்த டீச்சர் வந்து இழுத்துக்கொண்டு போனா. அங்க போனா, இது முடிஞ்சுது, மற்றதக் காப்பாத்துவம் எண்டாங்க."

"அக்கா, அந்த மெசினுக்குப் படிப்பிச்சது நான்தான். அதில பிழை இருக்கு எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இருந்தன்."

அவ ஏசுவா என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவ தன் நல்ல கண்ணால் என்னை நேராகப் பார்த்தா.

"இப்பயும் அது ஆக்களுக்கு நல்லம் எண்டு சொல்லிக்கொண்டு இருக்குதா?"

"ஓம்."

"அப்ப இஞ்ச எனத்துக்கு நிக்கிறீங்க? போய் அத நிப்பாட்டுங்க."

தோட்டத்து வாசலில் நின்றே தொண்டு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். திங்கட்கிழமை ஆய்விதழுக்கு எழுதினேன். உபவேந்தருக்கும் எழுதினேன். பீடாதிபதி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஏன் இப்ப? ஆரும் கேக்கல்லயே. தரவு சேர்த்தது அந்தப் பிள்ளைதானே? அவட பக்கம் நடந்த தவறு எண்டு போட்டா ஒங்களுக்கும் கரைச்சல் இல்ல, பீடத்துக்கும் கரைச்சல் இல்ல. அல்லாஹ் அவவப் பொருந்திக்கொள்ளட்டும்." நல்ல மனிதர்தான். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஒரு நிமிசம், மச்சி, ஒரு முழு நிமிசம் நான் அதையும் யோசித்தேன். அதையும் நீ அறிந்திருக்க வேண்டும்.

ஆய்விதழின் அறிவித்தலில் இப்படி வந்திருக்கிறது: படங்களைப் பிரித்ததில் நடந்த பிழை முதல் ஆசிரியருடையது, அதைக் கண்டுபிடித்தவர் ஜெஸீமா, அவர் சொன்ன பின்னரும் முதல் ஆசிரியர் மறைத்தார். ஆய்விதழ்க்காரர் கடைசி வசனத்தை மென்மையாக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று எழுதினேன்.

பேராசிரியர் பதவியை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போகும் என்றுதான் நினைக்கிறேன். போகட்டும். என் வீட்டுக்காரர் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. "பொம்புளப் புள்ளைகளப் படிக்க அனுப்ப யோசிக்கிற ஊர் இது. இப்ப ஒன்னக் காட்டி இன்னும் நாலு பேர் மறிப்பாங்க" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் நிறுத்தியதால் எல்லாம் நன்றாக முடிந்தது என்று நீ நினைக்கக் கூடாது. தொண்டு நிறுவனம் கமெராவை மடித்து வைத்துவிட்டது. இனி இந்த வேலையே வேண்டாம் என்கிறார்கள். கோமாரிக்கும் சாகாமத்துக்கும் இப்போது யாரும் போவதில்லை. பிழையான நிரலும் இல்லை, சரியான நிரலும் இல்லை. நீ விட்டுப்போன திருத்திய பிரதியை எடுத்துத் தொடர்ந்து வேலை செய்கிறேன். ஆனால் என் பெயர் இருக்கும் எதையும் நம்பி யார் ஒரு கண்ணைக் கொடுப்பார்கள்? நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். உன் செய்முறை வகுப்பை ஒரு புதிய தற்காலிக விரிவுரையாளர் எடுக்கிறாள். கெட்டிக்காரி. போன கிழமை என் நிரலில் ஒரு பிழையைக் காட்டிவிட்டு, பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். இந்தத் துறையில் அந்தப் பயத்தை உண்டாக்கியவள் நான்தானே?

இன்னும் செய்யாமல் இருப்பது ஒன்று. மாமிக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். என் கையைப் பிடித்து விரல்களைத் தடவிக்கொண்டே இருப்பா. "ஒனக்குப் பட்டம் கிடச்சது என்ட மகளுக்குக் கிடச்ச மாதிரித்தான் எனக்கு. அவள் ஒன்னப் பத்தி ஒரு நாளும் ஒரு சொல்லுக் குறைச்சுக் கதைச்சதில்ல" என்கிறா. எவ்வளவோ மாதம் அந்தக் கையில் என் கையை வைத்துக்கொண்டு, அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு எழும்பி வந்திருக்கிறேன். அவ கண்ணால் வாசிக்க ஏலாது. இந்தக் கடிதம் அச்சில் வந்தால் நிலோபர்தான் வாசித்துக் காட்டுவாள். தன் மகள் ஏன் வெள்ளத்தில் இறங்கினாள் என்பதை மாமி ஒரு தாளிலிருந்து கேட்கக் கூடாது.

நாளைக்கு வெள்ளி. ஜும்ஆ முடிந்து போய் அவ முன்னால் இருப்பேன். நீ கண்டுபிடித்ததை, நான் மறைத்ததை, உன்னைப் பார்த்து நான் சொன்ன அந்தச் சொல்லை, ஆசுபத்திரியில் சொன்ன பொய்யை, ஒன்றும் குறைக்காமல் என் வாயாலேயே சொல்வேன். அதற்குப் பிறகுதான் இதை அச்சுக்குக் கொடுப்பேன். அவ கையை இழுத்துக்கொண்டால் இழுக்கட்டும். இந்தப் படி மிதிக்காதே என்றால் எழும்பி வருவேன். ஆனால் அடுத்த வெள்ளியும் போய் வாசலுக்கு வெளியே நின்று சலாம் சொல்வேன். அதற்கடுத்த வெள்ளியும் போவேன். அவ பதில் சலாம் சொல்கிறாவோ இல்லையோ, நான் போவதை நிறுத்தமாட்டேன், மச்சி. இது உனக்கு நான் தருகிற வாக்கு. உனக்குச் சொன்ன 'ஓம்'களில் இது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்.

உன் மாமா மகள்,
பர்ஹானா